எரிபொருள் சேமிப்புக் கருவிகள்

எரிபொருள் சேமிப்புக் கருவிகள் என்பவை, ஏற்கெனவே ஓட்டத்தில் உள்ள ஊர்திகளில் பின்னர் பொருத்திக்கொள்வதற்காக விற்கப்படும், பெட்ரோல் அல்லது டீசல் செலவைக் குறைக்கும் என்று கூறப்படும் துணைக்கருவிகள் ஆகும். எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தங்கள், காற்று உள்ளிழுக்கும் குழாயில் வைக்கும் சுழல் தகடுகள், நீரை மின்பகுத்து வளிமம் உண்டாக்கும் கலங்கள், ஊர்தியின் மின்சுற்றில் செருகும் சிறு பெட்டிகள் முதலியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. வழக்கில் மைலேஜ் எனப்படும் எரிபொருள் சிக்கனம் 10 முதல் 50 விழுக்காடு வரை உயரும் என்று இவற்றின் விளம்பரங்கள் கூறுவதுண்டு.

ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970கள் முதல் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளை மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் மிகச் சிலவே பயன் தந்தன. அப்பயனும் சிறிதளவாகவே இருந்தது. எரிதலை மேம்படுத்துவதாகக் கூறும் கருவிகள் பயனற்றுப் போவதற்கு அடிப்படைக் காரணம், நல்ல நிலையிலுள்ள தற்காலப் பொறியில் எரிபொருள் ஏறத்தாழ முழுமையாகவே எரிந்துவிடுவதாகும். மாறாக, காற்றுத்தடை, டயரின் உருளல் தடை, பொறி வீணாக ஓடுதல், ஓட்டும் முறை ஆகியவற்றைச் சீராக்கும் சில துணைக்கருவிகள் அளவிடத்தக்க பயனைத் தருகின்றன.

வரலாறு

தொடக்ககால முயற்சிகள்

கூடுதல் மைலேஜ் தரும் கருவி பற்றிய கூற்றுகள் தானுந்தின் தொடக்க காலம் தொட்டே இருந்து வருகின்றன. அவற்றுள் மிகவும் அறியப்பட்டது கனடாவின் வினிப்பெக் நகரைச் சேர்ந்த சார்லசு நெல்சன் போக் என்பவரின் கார்பரேட்டர் ஆகும். 1930களில் இவர் இதற்கு ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமங்களைப் பெற்றார். பெட்ரோலை முழுவதும் ஆவியாக்கிய பின்னரே பொறிக்குள் செலுத்துவது இதன் கருத்து. ஒரு காலனுக்கு 200 மைல், அதாவது லிட்டருக்கு 70 கி.மீ. அளவிலான ஓட்டம் கிடைத்ததாக அக்காலத்தில் செய்திகள் பரவின. தற்சார்பான சோதனை எதுவும் இதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் "மறைக்கப்பட்ட கார்பரேட்டர்" என்னும் கதைக்கு இதுவே மூலமாக அமைந்தது.

எண்ணெய் நெருக்கடியும் அரசுச் சோதனைகளும்

1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளை அடுத்து இக்கருவிகளின் விற்பனை பெருகியது. 1975 இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஆற்றல் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டம், இத்தகைய கருவிகளை மதிப்பிட்டு முடிவுகளை வெளியிடும் பொறுப்பை அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு வழங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரிலுள்ள அதன் ஆய்வகம் இதற்கான சோதனைகளை மேற்கொண்டது. காந்தங்கள், காற்றுக் கசிவுக் கருவிகள், எரிபொருள் சூடாக்கிகள், தீப்பொறி வலுவூட்டிகள், எரிபொருளில் கலக்கும் பொருட்கள் எனப் பல வகைகள் மதிப்பிடப்பட்டன. மைலேஜில் மாற்றம் இல்லை என்பதே பெரும்பாலான அறிக்கைகளின் முடிவாகும். சில கருவிகள் புகையிலுள்ள மாசுகளைக் கூட்டியதும் தெரியவந்தது.

2000களுக்குப் பின்

எண்ணெய் விலை உயர்ந்த 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் இக்கருவிகள் மீண்டும் பரவலாக விற்கப்பட்டன. 2005 இல் பாப்புலர் மெக்கானிக்சு இதழ் சந்தையிலிருந்த பல கருவிகளைச் சோதித்தது. அளவிடத்தக்க முன்னேற்றம் எதிலும் காணப்படவில்லை. சிலவற்றில் பொறியின் திறன் குறைந்தது. 2011 இல் கன்சூமர் ரிப்போர்ட்சு இதழ், காரிலுள்ள சிகரெட் பற்றவைப்பான் துளையில் செருகும் கருவி ஒன்றைச் சோதித்து, அதனால் மைலேஜ் உயரவில்லை என்று அறிவித்தது.

அறிவியல் அடிப்படை

ஆற்றல் எங்கே செல்கிறது

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகா யூல் ஆற்றல் உள்ளது. இதில் சக்கரங்களை அடைவது, ஊர்தியையும் ஓட்டும் சூழலையும் பொறுத்து, ஏறத்தாழ 12 முதல் 30 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகப் புகையுடனும் குளிர்விக்கும் நீருடனும் வெளியேறுகிறது. ஒரு பகுதி உராய்வு, காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் வேலை ஆகியவற்றில் செலவாகிறது.

"எரிபொருளில் முக்கால் பங்கு வீணாகிறது" என்னும் விளம்பரக் கூற்று இங்கிருந்தே பிறக்கிறது. கூற்றில் பிழை இல்லை. அதற்குத் தரப்படும் விளக்கமே பிழையானது. வீணாவது எரியாத எரிபொருள் அன்று. எரிந்து உண்டான வெப்பமே வீணாகிறது. பெட்ரோல் பொறியில் எரிபொருளின் 95 முதல் 98 விழுக்காடு வரை எரிந்துவிடுகிறது. டீசல் பொறியில் இது 98 விழுக்காடு அளவில் உள்ளது. எரியாமல் தப்பும் சிறு பகுதியும், பெட்ரோல் ஊர்திகளில் வினையூக்கி மாற்றியில் பெரும்பாலும் எரிந்து போகிறது. எனவே எரிதலை முற்றிலும் முழுமையாக்கும் ஒரு கருவி இருந்தாலும், அதனால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு ஒருசில விழுக்காடே ஆகும். 20, 30 விழுக்காடு சேமிப்புக்கு அங்கு இடமே இல்லை.

வெப்பம் வேலையாக மாறுவதற்கு வெப்ப இயக்கவியல் ஓர் எல்லையை வகுக்கிறது. 10:1 அமுக்க விகிதம் கொண்ட பெட்ரோல் பொறி ஒன்றின் கோட்பாட்டு உச்சத் திறன், காற்றையே இயங்கு பொருளாகக் கொள்ளும் எளிய கணிப்பின்படி, ஏறத்தாழ 60 விழுக்காடு ஆகும். உருளைச் சுவர் வழியே செல்லும் வெப்பம், உராய்வு முதலிய இழப்புகள் போக, நடைமுறையில் 30 முதல் 40 விழுக்காடு வரையே எட்டப்படுகிறது. இதனை உயர்த்த அமுக்க விகிதம், வால்வு திறக்கும் நேரம், உராய்வு போன்றவற்றை மாற்ற வேண்டும். குழாயின் மேல் மாட்டும் பொருள் எதுவும் இவற்றைத் தொடுவதில்லை.

ஓர் எளிய கணக்கு

1000 கிலோ எடையுள்ள தற்காலச் சிறு மகிழுந்து ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, காற்றுத்தடையும் உருளல் தடையும் சேர்ந்து ஏறத்தாழ 300 நியூட்டன் விசை அதனை எதிர்க்கிறது. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 300 கிலோ யூல் வேலை தேவை. இழப்பே இல்லாத, இயற்கையில் இருக்க முடியாத பொறி ஒன்றை அதில் பொருத்தினாலும், ஒரு லிட்டர் பெட்ரோலில் அந்த ஊர்தி ஏறத்தாழ 105 கி.மீ. மட்டுமே செல்லும். ஆற்றலில் 25 விழுக்காடு சக்கரத்தை அடைந்தால் 26 கி.மீ. கிடைக்கும். லிட்டருக்கு 70 கி.மீ. தரும் கார்பரேட்டர் எனில், ஆற்றலில் மூன்றில் இரு பங்கு சக்கரத்தைச் சேர வேண்டும். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் பெறாத, எடை மிகுந்த 1930களின் ஊர்திகளுக்கு இக்கணக்கு இன்னும் கடினமாகும்.

மின்னணுக் கட்டுப்பாடு

எரிபொருள் பீய்ச்சு முறை கொண்ட பெட்ரோல் ஊர்திகளில், வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிசனை ஓர் உணரி தொடர்ந்து அளக்கிறது. அதனைக் கொண்டு மின்னணுக் கட்டுப்பாட்டகம், எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை நிலைநிறுத்துகிறது. வெளியிலிருந்து கூடுதல் காற்றைச் சேர்த்தால், உணரி அதனைக் கண்டறிந்து எரிபொருளைக் கூட்டிவிடும். மிகுதியாகச் சேர்த்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆகவே கலவையை மாற்றிச் சேமிக்க முயலும் கருவிகளின் விளைவைக் கட்டுப்பாட்டகமே நீக்கிவிடுகிறது.

கார்பரேட்டர் உள்ள பழைய ஊர்திகளில் இத்திருத்தம் இல்லை. எனவே பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடிய ஊர்தியில் காற்றைக் கூட்டினால் சிறிது சேமிப்பு கிடைக்கக்கூடும். ஆனால் அதே பயனைக் கார்பரேட்டரைச் சரியாகத் திருகி அமைப்பதன் மூலம் செலவின்றிப் பெறலாம். அளவு மீறினால் பொறி சூடேறுதல், இழுவை குறைதல் ஆகியவை நேரும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர ஊர்திகளும் பெரும்பாலும் எரிபொருள் பீய்ச்சு முறைக்கு மாறிவிட்டன.

கருவி வகைகள்

காந்தங்கள்

எரிபொருள் குழாயின் மேல் மாட்டப்படும் காந்தம், கொத்தாக ஒட்டியிருக்கும் எரிபொருள் மூலக்கூறுகளைப் பிரித்து நன்கு எரியச் செய்கிறது என்பது விற்பனையாளர் கூற்று. பெட்ரோலிலும் டீசலிலும் உள்ள ஐதரோகார்பன்கள் முனைவற்றவை. காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படுபவை. காந்தம் பிரிக்கத்தக்க கொத்துகள் அவற்றில் இல்லை. நுண்துளிகளாக்கும் பணியை இன்ஜெக்டர் உயர் அழுத்தத்தில் ஏற்கெனவே செய்கிறது. 27 விழுக்காடு மைலேஜ் உயரும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட காந்தக் கருவி ஒன்றின் மீது ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2004 இல் வழக்குத் தொடுத்தது.

காற்றுச் சுழல் தகடுகள்

காற்றைச் சுழலச் செய்தால் கலவை நன்றாகும் என்ற கருத்தில் அமைந்தவை இவை. சுழற்சி எரிதலுக்கு உதவும் என்பது உண்மையே. அதனால்தான் பொறி வடிவமைப்பாளர்கள் உள்ளிழு வாயிலையும் பிசுடன் தலையையும் அதற்கேற்ப அமைக்கின்றனர். ஆனால் வடிகட்டியின் அருகே உண்டாக்கப்படும் சுழல், திராட்டில் வால்வையும் வளைவுகளையும் தாண்டி உருளையை அடையும் முன்பே தேய்ந்துவிடும். எஞ்சுவது காற்றோட்டத்திற்கு ஒரு தடை மட்டுமே; அது உச்சத் திறனைக் குறைக்கும்.

எரிபொருள் ஆவியாக்கிகளும் சூடாக்கிகளும்

சூடேறிய பொறியில் பெட்ரோல் தீப்பற்றும் முன்பே பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது. அதனை முன்கூட்டியே ஆவியாக்கினால் ஆவி காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், திறன் குறையும். கலவை சூடாவதால் இடிப்பு எனப்படும் தட்டும் ஒலி உண்டாகும். பொறி அறைக்குள் பெட்ரோலைச் சூடாக்குவது தீ விபத்துக்கும் வழிகோலும்.

நீர் மின்பகுப்புக் கலங்கள்

ஊர்தியின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து, கிடைக்கும் ஐதரசன்–ஆக்சிசன் கலவையைப் பொறிக்குள் செலுத்தும் கருவிகள் இவை. ஆத்திரேலியாவில் வாழ்ந்த யூல் பிரௌன் என்பவரின் பெயரால் இவ்வளிமம் பிரௌன் வளிமம் என்றும் அழைக்கப்படுகிறது.

இதன் ஆற்றல் கணக்கைப் பின்வருமாறு காட்டலாம். நிமிடத்திற்கு 1 லிட்டர் வளிமம் தரும் கலம் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகக் கொள்வோம்.

• கலம் எடுக்கும் மின்திறன்: 180 வாட்.
• 60 விழுக்காடு திறனுள்ள ஆல்ட்டர்னேட்டரைச் சுழற்றப் பொறி தரவேண்டியது: 300 வாட்.
• 30 விழுக்காடு திறனுள்ள பொறி அதற்காக எரிக்கும் பெட்ரோல்: 1000 வாட்.
• கிடைக்கும் ஐதரசனில் உள்ள ஆற்றல்: ஏறத்தாழ 110 வாட்.

அதாவது 1000 வாட் பெட்ரோலைச் செலவிட்டு 110 வாட் எரிபொருள் திரும்பப் பெறப்படுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் மகிழுந்து மணிக்கு 4 லிட்டர், அதாவது ஏறத்தாழ 35,500 வாட் அளவில் பெட்ரோலை எரிக்கிறது. அதனுடன் ஒப்பிட இந்த ஐதரசன் 0.3 விழுக்காடே ஆகும்.

ஐதரசன் வெறும் எரிபொருளாக அன்றி, எரிதலைத் தூண்டும் பொருளாகவே செயற்படுகிறது என்று சிலர் வாதிடுவர். இதற்கு 1977 இல் நாசா வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவ்வாய்வில் ஐதரசன் ஊர்தியின் மின்சாரத்தால் நீரிலிருந்து பெறப்படவில்லை. பெட்ரோல் மிகக் குறைந்த கலவையில் பொறியை ஓட்ட இயலுமா என்பதே அங்கு ஆராயப்பட்டது. வழக்கமான 14.7:1 விகிதத்தில் இயங்கும் ஊர்திக்கு அம்முடிவு பொருந்தாது.

நீரையே எரிபொருளாகக் கொண்டு ஊர்தியை ஓட்ட இயலும் என்று கூறிய ஒகாயோ மாநிலத்தின் சுடான்லி மேயர் மீது அவருடைய முதலீட்டாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தனர். அவருடைய கலத்தில் நடப்பது வழக்கமான மின்பகுப்பே என்று வல்லுநர்கள் சான்றளித்தனர். 1996 இல் நீதிமன்றம் இதனை மோசடி எனத் தீர்மானித்து, 25,000 டாலரைத் திருப்பித் தர ஆணையிட்டது.

மின்சுற்றில் செருகும் கருவிகள்

ஊர்தியின் பழுதறியும் செருகுவாயில் மாட்டினால், ஓட்டுநரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு கட்டுப்பாட்டகத்தைத் திருத்தியமைக்கும் என்று சில கருவிகள் விற்கப்படுகின்றன. 2017 இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இத்தகைய கருவி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தனர். ஊர்தியின் தகவல் தடத்துடன் பேசுவதற்கு வேண்டிய மின்சில்லு அதில் காணப்படவில்லை. தடத்தைக் கண்காணித்தபோது கருவியிடமிருந்து எச்செய்தியும் வரவில்லை. உள்ளே இருந்த நுண்கட்டுப்படுத்தி செய்தது விளக்குகளை மினுக்குவது மட்டுமே.

மாத்திரைகளும் கலவைப் பொருட்களும்

தொட்டியில் இடும் மாத்திரைகளும் திரவங்களும் கருவிகள் அல்ல எனினும், ஒரே சந்தையைச் சேர்ந்தவை. இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை அகற்றும் தூய்மையாக்கிகள், அழுக்கடைந்த பொறியில் இழந்த சிக்கனத்தை மீட்கக்கூடும். நல்ல நிலையில் உள்ள பொறிக்கு அவை எதையும் கூட்டுவதில்லை.

பயன் இருப்பதாகத் தோன்றுவதன் காரணங்கள்

இக்கருவிகளைப் பொருத்தியவர்களுள் பலர் மைலேஜ் உயர்ந்ததாக நேர்மையாகவே கூறுகின்றனர். அதற்குப் பல காரணங்கள் உண்டு.

• தொட்டியை நிரப்பி அளத்தலின் பிழை: இருசக்கர ஊர்தியில் 5 லிட்டர் நிரப்பும்போது, நிரம்பிய மட்டத்தில் 0.2 லிட்டர் வேறுபட்டாலே 4 விழுக்காடு மாற்றம் தெரியும். ஊர்தி சாய்ந்து நிற்பதும், நிரப்பும் குழாய் முன்பின்னாகத் தானே நின்றுவிடுவதும் இதற்குப் போதுமானவை.
• ஓட்டும் முறை மாறுதல்: மைலேஜைக் கவனிக்கத் தொடங்கிய ஓட்டுநர் தன்னை அறியாமலே மிதமாக ஓட்டுகிறார். இதனால் கிடைக்கும் சேமிப்பு உண்மையானது. ஆனால் அது கருவியால் வந்தது அன்று.
• பராமரிப்பு: கருவியைப் பொருத்தும்போதே காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், டயர் அழுத்தம் ஆகியவையும் சரிசெய்யப்படுவது வழக்கம்.
• சராசரிக்குத் திரும்புதல்: மைலேஜ் வழக்கத்தைவிடக் குறைந்த மாதத்திலேயே ஒருவர் கருவி வாங்க முற்படுகிறார். எதையும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் அது வழக்கமான அளவை நோக்கி உயரும்.
• பருவநிலையும் வழித்தடமும்: வெப்பநிலை, காற்று, மழை, குளிர்சாதனப் பயன்பாடு, நெரிசல் ஆகியவை பத்து விழுக்காட்டுக்கும் மேலான மாற்றத்தை உண்டாக்கக்கூடும்.
• பாராட்டுரைகளைத் தெரிந்தெடுத்தல்: பயன் கண்டதாக எண்ணுவோரின் கடிதங்களே விளம்பரத்தில் இடம்பெறுகின்றன.

சில விற்பனையாளர்கள் பல நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னரே பயன் தெரியும் என்று அறிவுறுத்துவதுண்டு. அதற்குள் பணத்தைத் திரும்பப் பெறும் காலம் முடிந்துவிடும்.

சோதிக்கும் முறை

நம்பத்தக்க சோதனை, சூழலை மாறாமல் வைத்துக் கருவியை மட்டும் மாற்றுவதாகும். ஆய்வகத்தில் ஊர்தி உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, வரையறுக்கப்பட்ட வேக அட்டவணையின்படி ஓட்டப்படுகிறது. வெளியேறும் புகையிலுள்ள கார்பனை அளந்து செலவான எரிபொருள் கணக்கிடப்படுகிறது. கருவி இல்லாமல், கருவியுடன், மீண்டும் கருவி இல்லாமல் என மூன்று கட்டங்களாக, ஒவ்வொன்றும் பலமுறை அளக்கப்பட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் அளவு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், மாற்றத்திற்குக் காரணம் கருவி என்று கொள்ள இயலாது.

சரக்கு ஊர்திகளுக்குச் சாலையிலேயே சோதிக்கும் முறை உண்டு. ஒரே வகையான இரு ஊர்திகள் ஒரே நேரத்தில் ஒரே வழியில் ஓட்டப்படுகின்றன. ஒன்றில் மட்டும் கருவி பொருத்தப்படும். காற்றும் வெப்பமும் இரண்டையும் ஒன்றுபோல் பாதிப்பதால் வேறுபாடு தெளிவாகும். ஓட்டுநருக்குக் கருவி இயங்குகிறதா என்பது தெரியாமல் இருப்பது நன்று.

காப்புரிமம் பெற்றிருப்பது கருவி பயன் தருவதற்குச் சான்று ஆகாது. காப்புரிம அலுவலகம் புதுமையை ஆராய்கிறதே தவிர, ஊர்தியில் பொருத்தி மைலேஜை அளப்பதில்லை. அவ்வாறே "அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது" என்பது அரசின் ஒப்புதல் அன்று. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எந்தக் கருவிக்கும் ஒப்புதல் முத்திரை வழங்குவதில்லை என்று கூட்டாட்சி வணிக ஆணையம் நுகர்வோரை எச்சரித்துள்ளது.

பயன் தரும் துணைக்கருவிகள்

பின்னர் பொருத்தும் கருவிகள் அனைத்துமே பயனற்றவை என்று கொள்வதும் தவறாகும். பயன் தருபவை பொறியின் எரிதலைத் தொடாமல், ஊர்தியை எதிர்க்கும் தடைகளையோ ஓட்டுநரின் பழக்கத்தையோ மாற்றுபவை ஆகும்.

• காற்றுத்தடைக் குறைப்பு: நெடுஞ்சாலையில் ஓடும் பெரிய சரக்கு ஊர்திகளில், ஓட்டுநர் அறையின் மேல் பொருத்தும் காற்றுவிலக்கிகளும் இழுவைப் பெட்டியின் பக்கத் தட்டிகளும் சில விழுக்காடு டீசலைச் சேமிக்கின்றன. 2004 இல் தொடங்கப்பட்ட சுமார்ட்வே திட்டத்தின் கீழ் ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றைச் சரிபார்த்துப் பட்டியலிட்டது.
• உருளல் தடை குறைந்த டயர்கள்: இவையும் அத்திட்டத்தில் சரிபார்க்கப்பட்டவை.
• நிற்கும்போது பொறியை நிறுத்த உதவுபவை: ஓட்டுநர் உறங்கும்போது குளிர்சாதனத்தை இயக்கும் சிறு துணைப்பொறிகள், பெரிய பொறி இரவு முழுவதும் ஓடுவதைத் தவிர்க்கின்றன.
• ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் கருவிகள்: உடனடி எரிபொருள் செலவைக் காட்டும் திரை, கியர் மாற்ற வேண்டிய தருணத்தைச் சுட்டும் விளக்கு போன்றவை. இவற்றின் பயன் ஓட்டுநர் அவற்றுக்குச் செவிசாய்ப்பதைப் பொறுத்தது.
• குளிர்சாதன நிறுத்திகள்: வேகம் கூட்டும்போது குளிர்சாதன அமுக்கியைத் தற்காலிகமாக நிறுத்துபவை. 1980களின் சோதனைகளில் சிறிது பயன் தந்த மிகச் சில கருவிகளுள் இவையும் அடங்கும்.

நீரைப் பொறிக்குள் பீய்ச்சும் முறை அறிவியல் அடிப்படை உடையது. இரண்டாம் உலகப்போர்க் காலப் போர் வானூர்திகளில் இடிப்பைத் தடுத்துக் கூடுதல் திறன் பெற அது பயன்பட்டது. 2015 இல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ எம்4 ஜி.டி.எஸ் மகிழுந்திலும் இம்முறை இடம்பெற்றது. இங்கு நீர் எரிபொருளாக அன்றி, வெப்பத்தைத் தணிக்கும் பொருளாகவே செயற்படுகிறது. பொறியும் அதற்கென வடிவமைக்கப்பட்டிருந்தது.

கருவி எதுவும் இன்றிக் கிடைக்கும் சேமிப்பு இவற்றைவிடப் பெரும்பாலும் மிகுதியாகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 80 ஆகக் குறைத்தால் காற்றுத்தடை விசை 36 விழுக்காடு குறைகிறது. ஐக்கிய அமெரிக்க ஆற்றல் துறையின் மதிப்பீட்டின்படி, திடீரென முடுக்கித் திடீரெனப் பிரேக் போடும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரை மைலேஜைக் குறைக்கக்கூடும். டயர் அழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ குறையும்போதும் ஏறத்தாழ 0.2 விழுக்காடு இழப்பு ஏற்படும். பழுதான ஆக்சிசன் உணரியை மாற்றுவதால் 40 விழுக்காடு வரையிலும் முன்னேற்றம் கிட்டலாம்.

"மறைக்கப்பட்ட கண்டுபிடிப்பு" என்னும் கருத்து

மைலேஜைப் பன்மடங்கு உயர்த்தும் கருவிகள் உள்ளன என்றும், எண்ணெய் நிறுவனங்களும் ஊர்தி நிறுவனங்களும் அவற்றை மறைக்கின்றன என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. இதற்கு எதிரான வாதங்கள் பின்வருமாறு. 1978 மாதிரி ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த சராசரி எரிபொருள் சிக்கன விதிகளின்படி, இலக்கை எட்டாத நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் அபராதம் செலுத்தின. சில நூறு ரூபாய்க் காந்தம் ஒன்று 20 விழுக்காடு சேமிக்குமானால், அபராதம் கட்டுவதைவிட அதனைத் தொழிற்சாலையிலேயே பொருத்துவது அந்நிறுவனங்களுக்கு இலாபமாகும். ஒருசில விழுக்காட்டுச் சிக்கனத்திற்காக மாறும் வால்வு நேரம், நேரடி எரிபொருள் பீய்ச்சு போன்ற விலையுயர்ந்த மாற்றங்களை அவை மேற்கொண்டன. மேலும், காப்புரிம ஆவணங்கள் எவரும் படிக்கத்தக்கவை. போக்கின் 1930களின் காப்புரிமங்கள் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அவற்றைக் கொண்டு கருவி செய்ய எவருக்கும் தடையில்லை.

சட்ட நடவடிக்கைகளும் பாதிப்புகளும்

2009 இல் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், எந்த ஊர்தியிலும் குறைந்தது 50 விழுக்காடு மைலேஜை உயர்த்தும் என விற்கப்பட்ட ஐதரசன் கருவி ஒன்றின் விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அக்கூற்று அறிவியல் விதிகளுக்கு முரணானது என்று ஆணையம் வாதிட்டது.

இவ்வகை இழப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஆத்திரேலியாவில் நிகழ்ந்தது. எரிபொருள் மாத்திரையை முன்வைத்துப் பங்குகளைத் திரட்டிய ஃபயர்பவர் என்னும் நிறுவனம் விளையாட்டு அணிகளுக்குப் பெருந்தொகை வழங்கிப் புகழ் பெற்றது. நாளிதழ் புலனாய்வுகளைத் தொடர்ந்து 2008 இல் அந்நிறுவனம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முதலீடு செய்திருந்த ஏறத்தாழ 10 கோடி ஆத்திரேலிய டாலர் இழக்கப்பட்டது. அந்நிறுவனத் தலைவரின் உடைமையாக இருந்த சிட்னி கிங்சு கூடைப்பந்து அணியும் அவ்வாண்டில் தன் உரிமத்தை இழந்தது.

தனிநபரைப் பொறுத்தவரை இழப்பு கருவியின் விலையோடு முடிவதில்லை. கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெளியேற்று வால்வுகள் சூடேறிப் பழுதாகலாம். கட்டுப்பாட்டகத்தை ஏமாற்றும் மின்சுற்றுகள் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கலாம். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பது பல நாடுகளில் குற்றமாகும். உத்தரவாதக் காலத்தில் கருவியால் பழுது ஏற்பட்டால், அதனைச் சீர்செய்ய ஊர்தி நிறுவனம் மறுக்கக்கூடும். ஊர்தியை நம்பிப் பிழைக்கும் வாடகை ஊர்தி ஓட்டுநர்களையும் சிறு சரக்கு ஊர்தி உரிமையாளர்களையும் இந்த இழப்புகள் மிகுதியாகப் பாதிக்கின்றன. எரிபொருள் விலை உயரும்போது இக்கருவிகளின் விளம்பரங்கள் முதலில் சென்றடைவதும் இவர்களையே.

இவற்றையும் பார்க்கவும்

• உள்ளெரி பொறி
• கார்பரேட்டர்
• வெப்ப இயக்கவியல் விதிகள்
• மின்பகுப்பு
• நிலைத்த இயக்கப் பொறி
• நுகர்வோர் பாதுகாப்பு

பகுப்புகள்: தானுந்துத் தொழில்நுட்பம் | எரிபொருட்கள் | ஆற்றல் சேமிப்பு | போலி அறிவியல்